சாமினா மினா யாருடைய பாட்டு?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கால்பந்தைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பந்தை விட்டுவிட்டு ஒரு பாட்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். பெரிய மனதோடு சரி என்றார்கள். 2010 உலகக் கோப்பைக்காகக் கொலம்பியப் பாடகி ஷகிரா பாடிய 'வாக்கா வாக்கா'தான் அந்தப் பாட்டு. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள். ஆனாலும் நான் 'சாமினா மினா' என்று எடுத்துக் கொடுத்தால் மிச்சத்தை அவர்களே பாடி முடித்துவிடுவார்கள். பள்ளி ஆண்டு விழாவில் அதற்கு ஆடியவர்களும் இங்கே இருப்பீர்கள். யூடியூபில் மட்டும் 300 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு அது. இத்தனை கோடிப் பேர் வாயில் புழங்குகிற அந்த வரி யாருடையது? கேட்டால் ஷகிரா என்றுதான் சட்டென்று பதில் வரும். அந்த வரிக்குச் சொந்தக்காரர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பை 2010 ஜூன் 11 அன்று தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. அதற்கு முந்தின நாள் சொவெட்டோவின் ஆர்லாண்டோ ஸ்டேடியத்தில் பெரிய இசைக் கச்சேரி. நிறவெறி அரசை எதிர்த்து 1976இல் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கிய அதே சொவெட்டோ. அலிசியா கீஸ், ஜான் லெஜண்ட், பிளாக் ஐட் பீஸ் என்று அமெரிக்க நட்சத்திரங்கள் வந்திருந்தார்கள். ஹியூ மசெகேலா, ஏஞ்சலிக் கிட்ஜோ, மாலி நாட்டின் அமாடு, மரியம் இணை என்று ஆப்பிரிக்கக் கலைஞர்களும் இருந்தார்கள். அந்த மேடையில்தான் ஷகிரா, கேப் டவுனைச் சேர்ந்த ஃப்ரெஷ்லிகிரவுண்ட் குழுவோடு சேர்ந்து 'வாக்கா வாக்கா'வைப் பாடினார். பிறகு ஜூலை 11 அன்று இறுதி ஆட்டம் நடந்த சாக்கர் சிட்டியிலும், நிறைவு விழாவில், அதே பாட்டு.

பாட்டு வந்தவுடன் எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. உலகக் கோப்பையை நடத்தும் அமைப்பான ஃபிஃபா இதை அதிகாரப்பூர்வப் பாட்டாக அறிவித்தபோது தென்னாப்பிரிக்காவில் கடுமையான வருத்தம் எழுந்தது. உலகப் புகழ்பெற்ற பாடகி மிரியம் மகேபாவைப் பெற்ற நாடு அது. குவைட்டோ என்று தனக்கென ஒரு இசையையே 1990களில் உருவாக்கிக் கொண்ட நாடு. அப்படிப்பட்ட ஊரில் நடக்கிற விழாவுக்குக் கொலம்பியாவிலிருந்து பாடகியைக் கூட்டி வருவானேன் என்று உள்ளூர்க் கலைஞர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். அந்தக் கேள்வியில் முழு நியாயம் இருந்தது. ஃப்ரெஷ்லிகிரவுண்டின் பாடகி சோலானி மகோலா தென்னாப்பிரிக்காவின் சோசா மொழியில் பாடும் பகுதி பாட்டில் இருக்கிறது. அது அழகான பகுதிதான், ஆனால் நீளம் கொஞ்சம். ஒரு கண்டத்துக்கே அது போதும் என்று சொன்னால் யார் ஒப்புவார்கள்?

அந்தச் சண்டை தென்னாப்பிரிக்காவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தபோது, பாட்டின் உயிரான பல்லவி மூன்றாவதாக ஒரு நாட்டுடையது என்பது பலருக்குத் தெரியவில்லை. அந்த நாடு கேமரூன்.

1980களின் நடுவில், கேமரூன் ஜனாதிபதியின் மெய்க்காவல் படையில் இருந்த சில வீரர்கள் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். பெயர் கோல்டன் சவுண்ட்ஸ். 1986இல் அவர்கள் வெளியிட்ட பாட்டு 'சங்கலேவா'. 'சாமினா மினா' என்ற பல்லவி அதில்தான் இருக்கிறது, மெட்டோடு சேர்த்து. பாட்டு போட்ட போட்டில் குழுவின் பெயரையே மக்கள் மறந்து, அவர்களைச் சங்கலேவா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் குழுவும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது.

அவர்கள் அதை எப்படி நடித்துப் பாடினார்கள் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். காலனிக் காலத்துப் படை உடுப்பு, தலையில் வெள்ளைக்கார அதிகாரிகள் போடும் தொப்பி. சட்டைக்குள்ளும் காற்சட்டைக்குள்ளும் தலையணையைத் திணித்து வயிறும் பின்புறமும் பெருத்துப் போனவர்களாக மேடையில் வந்து அணிவகுத்து ஆடுவார்கள். வெள்ளைக்காரர்களோடு சேர்ந்துகொண்டு சொந்த மக்களை விரட்டித் தின்று கொழுத்த கறுப்பு அதிகாரிகளைக் கேலி செய்கிற வேடம் அது என்று சொல்வார்கள். பார்ப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஆனால் ஆடுகிறவர்களே உண்மையான படைவீரர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்புக்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

அந்த மெட்டும் அவர்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்டதல்ல. அதற்கு முன்பே கேமரூன் படைகளில் அணிநடைப் பாட்டாக அது இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை அதன் வேர் போகிறது. 1940 ஆகஸ்டில் லெக்லேர் என்ற பிரெஞ்சு அதிகாரி டுவாலா துறைமுகத்தில் வந்து இறங்கி, கேமரூனை, ஜெர்மனிக்குப் பணியாமல் போரைத் தொடர்ந்த டிகோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்த்தார். ஆப்பிரிக்க இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பிரான்சுக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள். பாலைவனங்களில் நடந்தார்கள். யாருடைய போர் என்று கேட்கக்கூட முடியாத நிலையில் நடந்த அந்தப் பிள்ளைகள், காலுக்குக் கால் ஒத்துப்போகப் பாடிக்கொண்ட பாட்டு. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. கோல்டன் சவுண்ட்ஸ் அதை எடுத்து, கேமரூனின் மக்கோசா இசையில் பேஸ் கிதாரும் டிரம்ஸும் சேர்த்து மேடைக்குக் கொண்டுவந்தது.

சரி, கேமரூனிலிருந்து கொலம்பியாவுக்கு அது எப்படிப் போனது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஷகிரா பிறந்தது 1977இல், பாரங்கியா என்ற ஊரில். கொலம்பியாவின் கரீபியக் கடற்கரை ஊர் அது. பக்கத்தில் கார்த்தகேனா. அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம். ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் நிறைந்த கரை. அந்த ஊர்களில் 'பிக்கோ' என்று ஒன்று உண்டு. ஆள் உயரத்தையும் தாண்டி அடுக்கிய ஒலிபெருக்கிகள், முகப்பு முழுக்கக் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் ஓவியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் கூட்டம். நம் ஊர்த் திருவிழாவில் இரண்டு சவுண்ட் செட்காரர்கள் எதிரெதிரே கட்டிப் போட்டி போடுவார்களே, அந்த மாதிரி. 1970களிலும் 80களிலும் இந்தப் பிக்கோக்காரர்களுக்கு ஆப்பிரிக்க இசைத்தட்டு என்றால் உயிர். கடலோடிகளும் பயணிகளும் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்றவரிடம் இல்லாத தட்டு தன்னிடம் இருந்தால்தான் கூட்டம் தன் பக்கம் நிற்கும்.

அதனால் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். தட்டின் நடுவில் பாடகர் பெயரும் பாட்டின் பெயரும் அச்சிட்ட வட்டமான சீட்டு ஒட்டியிருக்கும் அல்லவா, அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். போட்டிக்காரன் எட்டிப் பார்த்தாலும் என்ன பாட்டு என்று தெரியக் கூடாது. பாட்டுக்குத் தாங்களாகவே ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். சனங்களும் அந்தப் பெயரிலேயே கேட்டு, ஆடி, காதலித்து, கல்யாணம் செய்துகொண்டார்கள். எந்த நாட்டுப் பாட்டு, யார் பாடியது என்று தெரியாமலேயே ஆப்பிரிக்க இசை அந்தக் கரையின் சொந்த இசையாகிவிட்டது. சம்பேட்டா என்ற இசை வகை அந்த மண்ணில் வளர்ந்ததே இப்படித்தான். 'சங்கலேவா'வும் 80களில் அந்தக் கரையில் புகழ்பெற்றது. போதாததற்கு, டொமினிக்கன் குடியரசின் லாஸ் சிக்காஸ் டெல் கான் என்ற பெண்கள் குழு அதே பல்லவியை வைத்து ஸ்பானிய மொழியில் ஒரு பாட்டைப் பாடி, லத்தீன் அமெரிக்கா முழுக்க ஓடவிட்டது.

ஆகவே ஷகிரா அந்தப் பல்லவியைத் திருடினார் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தான் பிறந்த கரையில் எல்லோரும் பாடித் திரிந்த பாட்டு அது. ஆனால் வாழ்ந்து கேட்ட ஊருக்கு அது பொதுச்சொத்தாகத் தெரியலாம். உலகம் முழுக்க விற்கிற நிறுவனத்துக்கு அப்படித் தெரியக் கூடாது. ஒரு பெரிய இசை நிறுவனமும் ஃபிஃபாவும் பாட்டை வெளியிடும்போது, மூலம் எது என்று தேட ஆளும் இருக்கிறது, பணமும் இருக்கிறது, வக்கீலும் இருக்கிறார். அப்படியிருந்தும் இது ஷகிராவும் தயாரிப்பாளர் ஜான் ஹில்லும் சேர்ந்து செய்த பாட்டு என்றுதான் முதலில் ஊருக்குத் தெரிந்தது. கேமரூனில் குரல் எழுந்தது. ஆப்பிரிக்கா முழுக்கப் பாட்டை அறிந்தவர்கள் 'இது சங்கலேவா அல்லவா' என்று கேட்டார்கள். விவகாரம் நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்க்கப்பட்டது. இன்று அந்தப் பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் ஜான் பால் சே பெல்லா, எமில் கோஜிடி, டூ பெல்லி யூஜீன் விக்டர் என்ற மூன்று கேமரூன்காரர்களின் பெயர்களும் இருக்கின்றன. பெயர் வந்தது நல்லது. கேட்ட பிறகு வந்தது என்பதுதான் உறுத்துகிறது.

கேமரூனுக்கு இது புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1972இல் ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்து கேமரூனில் நடந்தது. டுவாலாவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் மனு டிபாங்கோ, தன் நாட்டு அணிக்காக ஒரு வாழ்த்துப் பாட்டு செய்தார். இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டே, மறுபக்கத்தை நிரப்ப இன்னொரு பாட்டு வேண்டும். 'சோல் மக்கோசா' என்று ஒன்றைப் போட்டார். கேமரூன் கோப்பையை வெல்லவில்லை. வாழ்த்துப் பாட்டும் அதோடு போயிற்று. ஆனால் அந்த மறுபக்கம் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. புரூக்ளினில் மேற்கிந்தியர்கள் நடத்திய ஒரு தட்டுக் கடையில் அதைக் கண்டெடுத்த டேவிட் மன்குசோ தன் நடன விருந்துகளில் ஓட்ட, வானொலி பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் தேடியும் தட்டு கிடைக்காமல், பல குழுக்கள் அவசர அவசரமாக அதையே பாடி விற்கும் அளவுக்கு மோகம். 1982இல் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' தொகுப்பின் முதல் பாட்டிலேயே, 'சோல் மக்கோசா'வில் டிபாங்கோ 'மக்கோசா' என்ற சொல்லை உடைத்து உச்சரித்த வரி வந்தது, அவரைக் கேட்காமல். வழக்குப் போட்டு, பணம் பெற்று, சமரசம் ஆனார். 2007இல் ரிஹானா அதே வரியைத் தன் பாட்டில் வைத்தார். 2009இல் டிபாங்கோ மறுபடி வழக்குப் போட வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவில் பிரான்சில் இறந்துபோனார்.

ஒரே நாடு. இரண்டு பாட்டு. இரண்டிலும் கால்பந்து. இரண்டிலும் பாடியவர்கள் பின்னாலேயே ஓடிப்போய்த் தங்கள் பெயரைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை. எனக்கு இதில் ஆத்திரம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

2010இலேயே இன்னொரு பாட்டும் ஓடியது, ஞாபகம் இருக்கும். கொக்கோ கோலா நிறுவனம் எடுத்துக்கொண்ட 'வேவின் ஃபிளாக்'. பாடியவர் கனான், சோமாலியாவின் மொகதிஷுவில் பிறந்து போரிலிருந்து தப்பிக் கனடா போனவர். மூலப் பாட்டு போரையும் ஏழ்மையையும் அகதிகளையும் பேசியது. விளம்பரத்துக்குப் போனபோது அந்த வரிகள் போய்க் கொண்டாட்டம் மட்டும் மிஞ்சியது. அங்கே பாடகரின் பெயர் தங்கியது, பாட்டின் வலி போனது. சங்கலேவாவில் பெயரும் போனது, வலியும் போனது.

இவ்வளவு சொன்னதால் 'வாக்கா வாக்கா' மோசமான பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பாட்டு. போட்டிகளுக்காகச் செய்யப்படும் பாட்டுகள் கோப்பை முடிந்த மறுமாதம் காணாமல் போய்விடும். அதே 2010க்கு ஆர். கெல்லி பாடிய அதிகாரப்பூர்வ கீதம் ஒன்று உண்டு, இன்று யார் பாடுகிறார்கள்? இது மட்டும் நிற்பதற்குக் காரணம் அந்தப் பல்லவி. அணிவகுத்து நடப்பவர்கள் மூச்சு வாங்கும் அளவுக்கு அளந்து செய்த வரி அது. ஒருவர் சொல்ல, கூட்டம் பதில் சொல்ல வசதியாக இருக்கும். இசைப் பயிற்சி வேண்டாம், மொழி தெரிய வேண்டாம். எண்பதாயிரம் பேர் ஒரு ஸ்டேடியத்தில் ஒரே நேரத்தில் பாடினாலும் தாளம் தப்பாது. எந்த ஸ்டூடியோவிலும் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஷகிராவும் ஜான் ஹில்லும் அதற்குக் கரீபியத் துள்ளலைச் சேர்த்தார்கள், கிதாரைச் சேர்த்தார்கள், வேகம் கொடுத்தார்கள். அந்தப் பங்கை மறுக்க மாட்டேன். கோப்பையில் கேமரூன் அணி ஜப்பானிடமும் டென்மார்க்கிடமும் நெதர்லாந்திடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. அவர்கள் வீட்டுப் பாட்டு மட்டும் இறுதி நாள் வரை ஆடியது.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஏதாவது ஒரு ஊரின் பழைய பாட்டை எடுத்து உலகப் போட்டிக்குப் போட்டால், அந்த ஊர்க்காரர்களை முதல் நாளே கூப்பிட்டுப் பேசட்டும். ஒப்பந்தத்தில் மட்டுமில்லாமல் மேடையிலும் அவர்களுக்கு இடம் கொடுக்கட்டும். சொவெட்டோ மேடையில் தலையணை வயிற்றோடு அந்தக் கிழவர்கள் அணிவகுத்து வந்து, ஷகிரா அவர்களோடு சேர்ந்து பாடியிருந்தால், அந்தப் பாட்டு இன்னும் பெரிதாகியிருக்குமே தவிர ஒன்றும் குறைந்திருக்காது.

பேச்சு போதும். இரண்டு பதிவுகளையும் கொண்டுவந்திருக்கிறேன். மைக் செட் பார்க்கிற தம்பி, முதலில் 1986 பாட்டைப் போடுங்கள். அது முடிந்த பிறகு ஷகிராவுடையதைப் போடலாம். பல்லவி வரும்போது பிள்ளைகள் எழுந்து ஆடலாம், யாரும் தடுக்க வேண்டாம்.