குளிர்காலத்தில் எவரெஸ்ட் ஏறியவர்

உதகை வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் நீலகிரியில் பேச்செல்லாம் உறைபனியைப் பற்றித்தான். தலைக்குந்தாவில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அவலாஞ்சியில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது என்று செய்தி வரும். தேயிலை வைத்திருப்பவர்கள் செடிகள் கருகாமல் இருக்க, தாகைச் செடியை வெட்டிவந்து மேலே போட்டு மூடுவார்கள். இதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். காற்று பலமாக வீசும் இரவில் உறைபனி விழுவதில்லை. மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்கிற இரவில்தான் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். 2637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சியைவிடக் கீழே இருக்கும் பள்ளம் சில ராத்திரிகளில் அதிகமாகக் குளிர்வது இதனால்தான்.

இமயமலையிலும் காரகோரத்திலும் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய பதினான்கு சிகரங்கள் இருக்கின்றன. அங்கே குளிர்காலம் இதற்கு நேர்மாறானது. அங்கே ஆளைக் கொல்வது காற்று. வானத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகக்காற்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் அது திபெத்துக்கு வடக்கே ஒதுங்கியிருக்கும். குளிர்காலத்தில் தெற்கே இறங்கி இமயமலையின் தலைமேலேயே ஓடும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று நாள்கணக்கில் நிற்காமல் அடிக்கும். கால் பதிய வேண்டிய பனியையெல்லாம் அது வாரிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பது கடினமான நீலப் பனிக்கட்டிதான்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. உதகையில் இருக்கும் காற்றழுத்தம், கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அதனால்தான் இங்கே குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேகச் சுணங்குகின்றன. எவரெஸ்ட் உச்சியில் அது மூன்றில் ஒரு பங்குதான். குளிர்காலத்தில் அந்தக் கொஞ்சமும் இன்னும் குறைந்துவிடும். ஏறுகிறவரின் நுரையீரலைக் கேட்டால், ஜனவரி எவரெஸ்ட் மே மாத எவரெஸ்டைவிடச் சில நூறு மீட்டர் உயரம் என்றே சொல்லும்.

அப்படிப்பட்ட காலத்தைத் தேடிப்போய் ஏறிய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் பெயர் கிஷிஷ்டோஃப் வியெலிட்ஸ்கி. போலந்து நாட்டுக்காரர். 1950ஆம் ஆண்டு பிறந்தவர், எலெக்ட்ரானிக்ஸ் படித்த பொறியாளர். எட்டாயிரம் மீட்டர் சிகரங்கள் பதினான்கிலும் ஏறிய ஐந்தாவது மனிதர். அதைவிடப் பெரிது, அவற்றில் மூன்று சிகரங்களில் குளிர்காலத்தில் முதன்முதலாகக் கால் வைத்தவர்களில் அவரும் உண்டு.

போலந்தில் அப்படி என்ன மலை இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த நாட்டிலேயே உயர்ந்த இடம் டாட்ரா மலையில் உள்ள ரிசி. அதன் உயரம் சுமார் 2500 மீட்டர். நம் தொட்டபெட்டா அதைவிட உயரம்! ஆனால் டாட்ராவின் குளிர்காலம் கடுமையானது. அங்கே பழகியவர்களுக்குப் பனியும் காற்றும் புதிதல்ல. பதினான்கு சிகரங்களிலும் 1950க்கும் 1964க்கும் இடையில் மற்ற நாட்டுக்காரர்கள் ஏறி முடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் போலந்துக்காரர்கள் நினைத்தபோது வெளிநாடு போக முடியாது. பணமும் இல்லை. பிற்பாடு, கயிற்றில் தொங்கி ஆலைப் புகைபோக்கிகளுக்கு பெயின்ட் அடித்துச் சம்பாதித்த காசில்தான் பல பயணங்கள் புறப்பட்டன. அவர்கள் வந்துசேர்ந்தபோது மலையில் யாரும் தொடாமல் மிஞ்சியிருந்தது ஒரு பருவம் மட்டும்தான். அதைக் கண்டுகொண்டவர் அன்ஜெய் ஜவாடா என்ற தலைவர். 1973 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் 7492 மீட்டர் நோஷாக் சிகரத்தில் ஏறிக் காட்டினார். 1974 டிசம்பரில் எவரெஸ்டுக்குப் பக்கத்துச் சிகரமான லோட்சேயில் 8000 மீட்டரைத் தாண்டித் திரும்பினார். அடுத்து எவரெஸ்ட்.

1980 ஜனவரியில் அடிவார முகாம் போட்டார்கள். நேபாள அரசு பிப்ரவரி 15 வரை அனுமதி கொடுத்திருந்தது. காற்று விடவே இல்லை. கூடாரங்கள் கிழிந்தன, ஆட்கள் ஒவ்வொருவராக நோயோடு கீழே இறங்கினார்கள். எட்டாயிரம் மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள தெற்குக் கணவாய்க்கு யாரும் போக மனம் வராத நிலை வந்தபோது, 51 வயதான ஜவாடா தானே அங்கே ஏறிப்போய்க் காட்டினார். அதற்கப்புறம் ஜிக்மன்ட் ஹைன்ரிக்கும் பாசாங் நோர்பு என்ற ஷெர்பாவும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே 8350 மீட்டர் வரை போய் வந்தார்கள். இந்த பாசாங் நோர்புவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்தது. ஜவாடா மன்றாடி இரண்டு நாள் கூடுதலாக வாங்கினார். அந்த இரண்டாவது நாள், பிப்ரவரி 17, பிற்பகல் இரண்டரை மணி அளவில் அடிவார முகாமின் வயர்லெஸில் குரல் வந்தது. லெஷெக் சிஹியும் வியெலிட்ஸ்கியும் உச்சியில் நின்றுகொண்டிருந்தார்கள். எட்டாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றில் குளிர்காலத்தில் மனிதர் நின்றது அதுவே முதல்முறை. வியெலிட்ஸ்கிக்கு அப்போது வயது 30.

1986 ஜனவரி 11 அன்று யெஜி குக்குச்காவோடு கஞ்சன்ஜங்காவில் ஏறினார். அதே நாளில், கீழே ஒரு முகாமில், அவர்களோடு வந்த அன்ஜெய் சோக் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனார். வரலாற்றுப் பட்டியல்களில் அந்தத் தேதிக்கு எதிரே வெற்றி மட்டும்தான் எழுதியிருக்கும். எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் சோக்கின் பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

1988இல் நம் நாட்டுப் பகீரதி மலையில் அடிபட்டு வியெலிட்ஸ்கியின் முதுகெலும்பில் காயம். உடம்பைச் சுற்றிப் பெல்ட் கட்டியிருந்தார். அந்தப் பெல்ட்டோடுதான் அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, தனியாளாக, 8516 மீட்டர் லோட்சேயின் உச்சியில் ஏறினார். இதைக் கேட்டால் பிள்ளைகளுக்குச் சிலிர்க்கும். எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும், வீட்டில் காத்திருந்தவர்களை நினைத்து.

காத்திருப்பது என்றால் என்னவென்று இந்த மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. அங்கே பயிற்சி முடித்த எத்தனையோ தம்பிகள் சியாச்சினில் பணி செய்திருக்கிறார்கள். மலையேறுகிறவர் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுவார். இந்தப் பிள்ளைகள் அங்கேயே மாதக்கணக்கில் தங்க வேண்டும். 2016 பிப்ரவரி 3 அன்று சுமார் 19,600 அடி உயரத்தில், சோனம் முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்தது. 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்கள் புதைந்தார்கள். ஆறாவது நாள், பனிக்கு அடியிலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்த வாரம் குன்னூர் பக்கம் ரேடியோவையும் டிவியையும் அணைக்காமல் வைத்திருந்த வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

வியெலிட்ஸ்கியின் வாழ்க்கையில் இரண்டாம் பாதி அப்படிக் காத்திருந்த பாதி. 1996இல் பதினான்காவது சிகரமான நங்கா பர்பத்தில் தனியாக ஏறி முடித்துவிட்டு, மெல்லமெல்ல ஜவாடாவின் இடத்துக்கு வந்தார். இளைஞர்களை மேலே அனுப்பிவிட்டு அடிவாரத்தில் வயர்லெஸ் முன்னால் உட்காரும் இடம் அது. 2013 மார்ச் 5 அன்று அவர் தலைமையில் போன நான்கு பேர் பிராட் பீக் சிகரத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாக எட்டினார்கள். அதில் ஒருவர் 58 வயது மச்சேய் பெர்பேகா. 25 வருடம் முன்பு இதே மலையில் முன்சிகரத்தை உச்சி என்று நம்பி இறங்கிவிட்டவர், மிச்சத்தை முடிக்க வந்திருந்தார். உச்சியை எட்டும்போதே மாலையாகிவிட்டது. இருட்டில் இறங்கினார்கள். இரண்டு பேர் முகாமுக்கு வந்துவிட்டார்கள். பெர்பேகாவும் 27 வயது தோமாஷ் கோவால்ஸ்கியும் வரவில்லை. மறுநாள் காலை வரை கோவால்ஸ்கி வயர்லெஸில் தன் தலைவரோடு பேசிக்கொண்டிருந்தார். எழுந்து நட, அடுத்த அடி வை என்று கீழிருந்து சொல்வதைத் தவிர ஒரு தலைவர் என்ன செய்ய முடியும்? கரீம் ஹயாத் என்ற பாகிஸ்தானியர் தேடிக்கொண்டு மேலே ஏறினார். பயனில்லை. மார்ச் 8 அன்று, இருவரும் இறந்துவிட்டதாக வியெலிட்ஸ்கி அறிவித்தார்.

முன்னால் இறங்கியவர்கள் மற்றவர்களை விட்டு வந்தது சரியா என்று போலந்தில் பெரிய சர்ச்சை நடந்தது. ராத்திரியில், இருட்டு விழுந்து கிடக்கும் ஒரு மலைமுகட்டில், மூளைக்கே காற்று போதாமல் தடுமாறுகிறவர்களைப் பற்றிச் சுடச்சுடத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் 2018. பதினான்கில் குளிர்காலத்தில் யாரும் ஏறாமல் மிஞ்சியிருந்தது, எவரெஸ்டுக்கு அடுத்த உயரமான கே2 சிகரம் ஒன்றுதான். 68 வயது வியெலிட்ஸ்கி அங்கே முகாமிட்டிருந்தார். ஜனவரி கடைசியில் செய்தி வந்தது. நங்கா பர்பத்தில் எலிசபெத் ரெவோல் என்ற பிரெஞ்சுப் பெண்ணும் தோமாஷ் மட்ஸ்கியேவிச் என்ற போலந்துக்காரரும் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். வியெலிட்ஸ்கியின் குழு தன் வேலையை நிறுத்திவைத்துவிட்டு, நான்கு பேரைப் பாகிஸ்தான் ராணுவ ஹெலிகாப்டரில் அனுப்பியது. ஆடம் பியெலெட்ஸ்கியும் டெனிஸ் உருப்கோவும் ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, ரெவோலைக் கண்டுபிடித்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். மட்ஸ்கியேவிச் இருந்த உயரத்துக்கு அவர்களால் போக முடியவில்லை. பியெலெட்ஸ்கி, 2013இல் பிராட் பீக்கிலிருந்து திரும்பி வந்த இருவரில் ஒருவர். அந்த வருடம் கே2 அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வியெலிட்ஸ்கியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த மலைப் பயணம், உச்சியைத் தொடாத இந்தப் பயணம்தான்.

கே2வைக் கடைசியில் ஏறியவர்கள் யார் தெரியுமா? 2021 ஜனவரி 16 அன்று நேபாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர். முன்னால் போனவர்கள் உச்சிக்குச் சில மீட்டர் கீழே நின்று, பின்னால் வந்தவர்களுக்காகக் காத்திருந்து, பத்துப் பேரும் ஒன்றாக அடியெடுத்து வைத்தார்கள். இத்தனை காலம் மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கயிறு கட்டி, சுமை தூக்கி, வழி போட்டுக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். 1980இல் 8350 மீட்டர் வரை போன பாசாங் நோர்புவின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

போலந்துக்காரர்கள் நாட்குறிப்பு எழுதிவைத்ததால்தான் இவ்வளவும் இன்று நமக்குத் தெரிகிறது. வெலிங்டன், அருவங்காடு, குன்னூர் பக்கம் சியாச்சினில் குளிர்காலம் கழித்துத் திரும்பிய முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ இருந்தால், அங்கே தண்ணீரை எப்படிக் காய்ச்சினார்கள், கால்விரலை எப்படிக் காப்பாற்றினார்கள், யாரோடு ஒரே கயிற்றில் நடந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கூட இருந்தவர்களின் பெயர்களைத் தவறாமல் எழுதுங்கள். தமிழில் அந்தக் குளிர்காலத்தைப் பற்றி நமக்குப் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு.

நன்றி, வணக்கம்.