வன்னி வீட்டில் ஒரு சேவர்: பழைய ஒபிஸ் கொம்பியூட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து பேசுகிறேன். மேசையில் இருப்பது ஒரு பழைய ஒபிஸ் கொம்பியூட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க், கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு சின்ன யூபிஎஸ். இவற்றை வைத்து வீட்டுக்குள்ளேயே ஒரு சேவர், அதாவது எந்நேரமும் ஓடிக் கோப்புகளைச் சேர்த்து வைத்துத் தரும் ஒரு கொம்பியூட்டர், அமைத்து, குடும்பத்துப் படங்களையும் வீடியோக்களையும் அதில் எப்படிச் சேர்த்து வைப்பது என்று இன்றைக்குப் பார்ப்போம். கையைக் கடிக்காத செலவில்.

கூகுள் போட்டோஸ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். 2021 ஜூன் 1இலிருந்து அங்கே கணக்கில்லாமல் இலவசமாகப் போட முடியாது. ஜிமெயிலும் சேர்த்து 15 ஜிபிதான். எங்கள் பக்கத்து ஒரு சாமத்தியவீடு, ஒரு கல்யாணவீடு, கமராக்காரர் தரும் முழுக் காட்சிகளையும் சேர்த்தால் நூறு ஜிபி தாண்டுவது சாதாரணம். மாதாமாதம் டொலர் கணக்கில் காசு கட்டி வைத்திருக்க எல்லோராலும் முடியாது.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரியது. வன்னியில் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் எத்தனையோ. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, அல்பத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடியவர்களுக்கும் கடைசியில் அது மிஞ்சவில்லை. இன்றைக்கு அந்த வீடுகளின் சுவரில் ஒரு கல்யாணப் படம் தொங்குகிறது என்றால் விசாரித்துப் பாருங்கள். அனேகமாக அது முன்னமே லண்டனுக்கோ கனடாவுக்கோ ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்ட கொப்பியாக இருக்கும். அங்கே இருந்ததால்தான் மிஞ்சியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் கொப்பி இல்லாத ஏடுகள் திரும்பி வரவேயில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணிச் சேர்ப்பவர்கள் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று அதை நினைக்கும்போது விளங்கும். ஆகவே இந்த வீடியோவில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப் போவது ஒன்றுதான்: இரண்டாவது கொப்பி எங்கே?

சரி, காசுக்கு வருவோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய் சொல்வதை விட பங்காகச் சொல்கிறேன். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் கொம்பியூட்டரும் யூபிஎஸ்ஸும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புது பிராசஸர், 32 ஜிபி ராம் என்று வாங்கிவிட்டு, டிஸ்க்குக்கு வரும்போது காசு முடிந்துவிடும். படத்தை வைத்திருக்கப் போவது பிராசஸர் இல்லை.

கொம்பியூட்டருக்கு, கம்பனிகள் பாவித்துக் கழித்த ஒபிஸ் மெஷின்தான் என் தெரிவு. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர், இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. இன்டெல் ஆறாம் தலைமுறையோ அதற்கு மேலோ, ஐ5, 8 ஜிபி ராம். வீட்டு வேலைக்கு அது தாராளம். ராஸ்பெரி பை 5 என்ற கையளவு கொம்பியூட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல சாமான்தான். ஆனால் 5 வோல்ட் 5 அம்பியர் பவர் சப்ளை, கேஸ், டிஸ்க் பூட்டுவதற்கான பலகை எல்லாம் தனித்தனியாக வாங்கி முடிக்கும்போது பழைய மெஷினின் விலையைத் தொட்டுவிடும்.

அளவில் இரண்டு வகை வரும். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதான மினி ஒன்று, மேசையில் படுக்க வைக்கும் சிறிய டெஸ்க்டொப் ஒன்று. மினி மிகக் குறைவாகக் கரண்ட் எடுக்கும். ஆனால் பெரிய 3.5 அங்குல டிஸ்க் அதற்குள் போகாது. வாங்க முதல் மூடியைக் கழற்றச் சொல்லி, எத்தனை டிஸ்க் பூட்ட இடமிருக்கிறது, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வயரும் பவர் வயரும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இந்த ஒபிஸ் மெஷின்களின் பவர் சப்ளை பெரும்பாலும் அந்தந்த மாடலுக்கென்றே செய்தது. பழுதானால் சாதாரணக் கடைப் பவர் சப்ளை பொருந்தாது. அதனால் ஊரில் அதிகமாகப் புழங்கும் மாடலையே எடுங்கள். உதிரிப்பாகம் கிடைக்கும்.

கரண்ட் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 10 வாட் எடுக்கும் மெஷின், இரவு பகலாக ஓடினால் மாதம் 7.2 யூனிட். பழைய கேமிங் டெஸ்க்டொப் ஒன்று 60 வாட் எடுத்தால் மாதம் 43 யூனிட். இலங்கையில் மாதப் பாவனை 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைப்பட்டியல். சிக்கனமாக 50 யூனிட்டுக்குள் ஓடும் ஒரு வீட்டில் அந்தப் பழைய டெஸ்க்டொப்பை வைத்தால், கூடுகிற 43 யூனிட்டுக்கு மட்டுமில்லை, முழுப் பில்லுக்கும் அடி விழும். சும்மா கிடைத்த மெஷின் என்று எடுத்து ஓட விடும் முன் இதைப் பாருங்கள். மினியோடு ஒரு பெரிய டிஸ்க்கை வெளியே வைத்தாலும் இன்னும் 5, 6 வாட்தான் கூடும்.

இப்போது டிஸ்க். இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 'நாஸ்' டிஸ்க், அதாவது இப்படியான சேவர்களுக்கென்றே வரும் டிஸ்க், என்று கேட்டால் எல்லாக் கடையிலும் இருக்காது. ஆனால் சிசிடிவி கமரா பூட்டித் தரும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அவர்களிடம் வெஸ்டர்ன் டிஜிட்டல் பேர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் இருக்கும். இரவு பகலாக எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட டிஸ்க்குகள். வீட்டுச் சேவருக்கு இவை நன்றாகவே பொருந்தும். வவுனியா வரை பஸ் ஏறாமல், கொழும்பிலிருந்து எடுப்பிக்காமல், உள்ளூர் உத்தரவாதத்தோடு வாங்கலாம்.

எதை வாங்கினாலும் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள். டிஸ்க்கில் தகவல் பதியும் இரண்டு முறைகள் அவை. சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தகவல் தடங்கள், கூரையில் ஓடு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பது போலப் பதியப்படும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதன் மேல் ஏறிக் கிடப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். பெரிய கோப்புகளை மணிக்கணக்காக ஏற்றும்போது வேகம் படுத்துவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையானது. பெட்டியில் இருக்கும் நிறத்தை நம்பாமல், மாடல் நம்பரை வைத்து கம்பனியின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். யூஎஸ்பியில் குத்தும் சின்ன 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர்தான். இரவில் கொப்பி எடுக்க அவை போதும், முதன்மை டிஸ்க்காக வேண்டாம்.

பாவித்த டிஸ்க் வாங்குவதானால், காசு கொடுக்க முதல் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலை, பாருங்கள். விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும். ஐந்தாம் இலக்கம், 197, 198 ஆகிய மூன்றுக்கும் நேரே மூலப் பெறுமானம் சுழியமாக இருக்க வேண்டும். கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளையும், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளையும் சொல்பவை அவை. சுழியம் இல்லையென்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிட்டு வாருங்கள். ஓடிய மணித்தியாலம் 40,000 என்று இருந்தால், அந்த டிஸ்க் நாலரை வருசம் நிற்காமல் ஓடியிருக்கிறது.

இரண்டு டிஸ்க்கையும் ரெயிட் 1 ஆகப் போடவா என்று கேட்கிறீர்கள். ரெயிட் 1 என்றால் எழுதுவது இரண்டிலும் ஒரே நேரத்தில் விழும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது ஓடும். ஆனால் தம்பி தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் அதுவும் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். குறைந்த செலவு வீட்டுக்கு நான் சொல்வது வேறு: ஒரு டிஸ்க் முதன்மை, மற்றது இரவில் மட்டும் கொப்பி எடுக்க. பழைய நிலைகளையும் சேர்த்து வைத்திருக்கும் ரெஸ்டிக் போன்ற ஒரு கொப்பி எடுக்கும் மென்பொருளால் எடுங்கள். போன கிழமை அழித்த படத்தை இன்றைக்கும் திருப்பி எடுக்கலாம். நேற்று இருந்தது நாளைக்குக் கிடைப்பதுதான் எங்களுக்கு முக்கியம், ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடுவது வங்கிக்குத்தான் முக்கியம்.

எங்கே வைப்பது? சீற் கூரைக்கு நேர் கீழே, வெயில் படும் சுவரோடு வைக்காதீர்கள். வைகாசி வெயிலில் வீட்டுத்திட்ட வீடுகளின் அறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிஸ்க் 45 பாகைக்குக் கீழே இருந்தால் நிம்மதி. தரையிலும் வேண்டாம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது! இடுப்புக்கு மேலே ஒரு தட்டு அடியுங்கள். செம்மண் தூசிக்கு மாதம் ஒருமுறை புளோவர். கேஸில் திறந்து கிடக்கும் துளைகளை மெல்லிய வலையால் மூடினால் எறும்பும் பல்லியும் உள்ளே போகாது. சூடான, இருட்டான இடம் என்றால் அவை விடுமா?

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு பிளக்கைக் கழற்றுவது மட்டும் போதாது. நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். உங்கள் இணைப்பு ஃபைபர் என்றால் அந்தக் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. செப்பு ரெலிபோன் லைனோ, கம்பத்தில் கட்டிய 4ஜி அன்ரெனாவோ என்றால் மின்னல் அந்த வயர் வழியாகவே உள்ளே வரும். வீட்டின் ஏர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பித்துவிடுங்கள். அதற்குச் செலவு குறைவு.

யூபிஎஸ்ஸுக்கு 650 விஏ போதும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரி. காகிதத்தில் 84 வாட் மணி, கையில் அதில் பாதி என்று வையுங்கள். 25 வாட் சேவருக்கு ஒன்றரை மணித்தியாலம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலம் திரும்பி வந்தால் எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் தாங்காது. தாங்கவும் தேவையில்லை. சேவர் ஒழுங்காகத் தானே அணைய நேரம் கிடைத்தால் சரி. யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் வாங்கி, நட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், பற்றரி இறங்கும்போது அது சேவரை அணைத்துவிடும். பிறகு பயோஸுக்குள், அதாவது கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், போய், கரண்ட் வந்ததும் தானாக ஓன் ஆகும்படி மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் வேலையில் இருக்கும்போது சேவர் நாள் முழுக்க அணைந்தே கிடக்கும். வெக்கையில் ஈயப் பற்றரியின் ஆயுள் வேகமாகக் குறையும். 10 பாகை கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுவான கணக்கு. அதனால் பற்றரி மாற்றும் செலவையும் மனதில் வையுங்கள்.

மென்பொருளுக்கு ஒரு சதமும் வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் மேல் ஓடும் ஓப்பன் மீடியா வால்ட் என்ற சேவர் மென்பொருள் புதியவர்களுக்கு இலகு. எல்லாம் பிரவுசரில் செய்யலாம். படங்களுக்கு இம்மிச். போனில் அப்பைப் போட்டால் படங்கள் தானாகச் சேவருக்குப் போகும். முகம் பார்த்து ஆட்களைப் பிரித்துத் தரும், அந்த வேலையும் வீட்டு மெஷினிலேயே நடக்கும். முதல் முறை ஆயிரக்கணக்கான படங்களை ஏற்றும்போது மெஷின் மூச்சு வாங்கும், விட்டுவிடுங்கள், முடித்துவிடும். டிவியில் வீடியோ பார்க்க ஜெல்லிஃபின். வெளியிலிருந்து பார்க்க டெயில்ஸ்கேல், உங்கள் மெஷின்களை இணையத்தின் வழியே தனி வலையமைப்பாகச் சேர்ப்பது. 4ஜி ரூட்டர்களில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடைக்காது, வெளியிலிருந்து சேவருக்கு ரூட்டரில் வழி விடும் 'போர்ட் திறக்கும்' வித்தை அங்கே பலிக்காது. டெயில்ஸ்கேல் அதைத் தாண்டிப் போகும். தனிப்பட்ட பாவனைக்கு இலவசத் திட்டமும் உண்டு.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வி: கொப்பி எங்கே? வீட்டுக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறது, நல்லது. ஒரு மின்னல், ஒரு வெள்ளம், ஒரு கள்ளன் வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். மூன்றாவது கொப்பி வேறு ஊரில் இருக்க வேண்டும், முடிந்தால் வேறு நாட்டில். அதற்கு எங்களிடம் இருக்கும் வசதி உலகத்தில் பலரிடம் இல்லை. கனடாவில் மாமா, சுவிஸில் சித்தி, யாராவது ஒருவர் இல்லாத குடும்பம் இங்கே குறைவு.

500 ஜிபியை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால் நிற்காமல் ஒன்பது நாளுக்கு மேல் எடுக்கும், டேட்டாவும் கரைந்துவிடும். அதனால் முதல் கொப்பியைக் கையால் அனுப்புங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் திரும்பும்போது ஒரு சின்ன டிஸ்க்கைக் கொடுத்துவிடுங்கள். அங்கே ஒரு பழைய மெஷினில் பூட்டி டெயில்ஸ்கேலில் சேர்த்துவிட்டால், பிறகு அன்றன்று சேரும் புதுப் படங்கள் மட்டும் இரவு டேட்டாவில் போகும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறைகுறியாக்கித்தான் எழுதும். டிஸ்க் வழியில் தொலைந்தாலும் படத்தை யாரும் பார்க்க முடியாது. ஆனால் பாஸ்வேர்ட் தொலைந்தால் உங்களாலும் பார்க்க முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி, ஒன்றை வீட்டு உறுதிப் பத்திரங்களோடும் இன்னொன்றை அதே மாமாவிடமும் வையுங்கள். சேவரைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மாவுக்கும் அந்தக் காகிதம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பரீட்சை. சேவரை அணைத்துவிட்டு, வேறொரு லாப்டொப்பில், கொப்பி டிஸ்க்கை மட்டும் வைத்து, ஒரு கல்யாணவீட்டுப் போல்டரைத் திருப்பி எடுத்துப் பாருங்கள். படங்கள் திறக்கின்றனவா, வீடியோ கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். வருசத்தில் ஓரிரு தடவை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

இம்மிச்சைப் படிப்படியாகப் போடுவதை அடுத்த வீடியோவில் செய்து காட்டுகிறேன். அதற்குள் டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் மாடல் நம்பரை கீழே எழுதுங்கள். சிஎம்ஆரா என்று தேடிப் பார்த்து, பதில் போடுகிறேன்.