இறம்பொடை ஏற்றமும் பழைய டீசல் வேனும்: டர்போ பூட்டலாமா?

[காட்சி: அதிகாலை, இறம்பொடை வளைவு, மூடுபனி. வெள்ளை டொல்பின் வேன் ஒன்று ஏறி வருகிறது. இசை இல்லை, எஞ்சின் சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். இரண்டாம் கியர். எக்ஸலேட்டர் அடிவரை மிதித்தாகிவிட்டது. பின்னால் கரும்புகை. கம்பளையிலிருந்து புறப்படும்போது நன்றாக இழுத்த அதே வேன்தான். வழியில் ஆளும் ஏறவில்லை, மூட்டையும் ஏறவில்லை. ஆனால் காற்று குறைந்துவிட்டது.

டயருக்குச் சொல்கிற பவுண்ட் கணக்கிலேயே பார்ப்போம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பவுண்ட். நாம் ஏறிப் போகிற நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே கிட்டத்தட்ட 11.7 பவுண்ட்தான். அதாவது சிலிண்டருக்குள் போகிற காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இல்லை. பழைய டீசல் பம்புக்கு இது தெரியாது. கொழும்பில் எவ்வளவு டீசல் அடித்ததோ, இங்கேயும் அவ்வளவு அடிக்கிறது. எரியக் காற்றில்லாத டீசல்தான் அந்தக் கரும்புகை.

[காட்சி: லயத்து அடுப்பு. ஈர விறகு புகைகிறது. ஊதுகுழலால் ஊதியதும் தீ பற்றுகிறது.]

நம் வீட்டு அடுப்பில் இதைத் தினமும் பார்க்கிறோம். விறகு இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது, ஆனாலும் புகைதான் வருகிறது. ஊதுகுழலை எடுத்து ஊதினால் பற்றிக்கொள்கிறது. டர்போவும் ஒரு ஊதுகுழல்தான். ஊத ஆள் வேண்டாம், எஞ்சின் வெளியே தள்ளுகிற சூட்டுப் புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி உள்ளே அனுப்பும்.

இதற்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை எடுத்தவர் அல்பிரட் பூக்கி என்ற சுவிஸ் பொறியியலாளர். 1918இல் அமெரிக்காவில் சான்போர்ட் மோஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய், டர்போ பூட்டி ஓட்டிக் காட்டினார். உயரத்தில் இழந்த காற்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதுதான் அவருடைய சோதனை. நமக்கும் அதுதான் வேண்டும்.

நுவரெலியாவில் நாம் இழப்பது 3 பவுண்ட். ஆகவே டர்போ 3 பவுண்ட் கொடுத்தாலே வேன் கொழும்பு வேன் ஆகிவிடும். 6, 7 பவுண்ட் கொடுத்தால் ஆட்களோடு தாராளமாக ஏறும். அதற்கு மேல் கேட்காதீர்கள். இந்த வீடியோவில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

[காட்சி: முன் சீட்டைத் தூக்கியதும் தெரியும் எஞ்சின்.]

இது டொல்பின் என்று நாம் சொல்கிற டொயோட்டா ஹையேஸின் 3எல் எஞ்சின், 2,779 சீசீ. டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சின். இதே குடும்பத்தில் டர்போவோடு வந்தது 2எல்-டீ, 2,446 சீசீ. அதன் எக்ஸோஸ்ட் மெனிபோல்டையும் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கிற குழாய்) சீடீ20 டர்போவையும் எடுத்து 3எல்லில் பூட்டுகிறவர்கள் உண்டு. சின்ன டர்போ, சீக்கிரம் சுற்றத் தொடங்கும். மலைக்கு அதுதான் நல்லது. ஆனால் சீட்டுக்கு அடியில் இடம் ரொம்ப நெருக்கம். வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை என் வேனுக்கு டர்போ பூட்டியபோது, பம்பின் பின்பக்கம் இருக்கிற, டீசல் அளவைக் கூட்டுகிற ஸ்குரூவையும் முக்கால் சுற்று உள்ளே திருப்பிக் கொடுத்தார்கள். புசல்லாவை வரை அப்படியொரு சந்தோஷம். இறம்பொடை தாண்டியதும் வெப்ப முள் மெல்ல எழும்பியது. லபுக்கலையில் நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழ்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் அடைக்கிற தகடு, போய்விட்டது. அன்று வேனில் என் அம்மாவும் இருந்தார். மழையில் ரோட்டோரம் இரண்டு மணி நேரம் நின்றோம்.

பழுது டர்போவில் இல்லை, டீசலில். டீசல் எஞ்சினில் அடிக்கிற டீசல் கூடினால் சூடு கூடும். சமதரையில் கால் அடிக்கடி எழும்பும், எஞ்சின் மூச்சுவிடும். ஏற்றத்தில் இருபது நிமிடம் கால் எழும்பாது, சூடு இறங்க நேரமே கிடைக்காது. தாழ்நிலத்தில் தாங்குகிற செட்டிங் இங்கே பிஸ்டனை உருக்கும்.

அதனால் டர்போவுக்கு முன்பே வாங்க வேண்டியது எக்ஸோஸ்ட் வெப்பமானி. அதன் கம்பியை டர்போவுக்கு முன்னால், மெனிபோல்டில் துளைத்துப் பூட்ட வேண்டும். நான் 650 பாகை செல்சியஸில் காலைத் தளர்த்திவிடுவேன், 700ஐத் தாண்ட விடவே மாட்டேன். கூடவே பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம், எவ்வளவு என்று காட்டுகிற மீற்றரும் வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். டீசலைப் பீய்ச்சுகிற நொசில்களைச் சோதியுங்கள். கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினுக்கு டர்போ பூட்டுவது வீண் செலவு, முதலில் எஞ்சினைச் செய்யுங்கள். 7 பவுண்டுக்குள் இருந்தால், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் கட்டாயமில்லை.

முடிந்தால் டர்போ எஞ்சினுடைய பம்பையே தேடுங்கள். அதன் தலையில் ஒரு டயப்ரம், அதாவது மெல்லிய சவ்வு, இருக்கும். பூஸ்ட் வந்தால்தான் அது அமுங்கிக் கூடுதல் டீசலைத் திறக்கும். அது இல்லாமல் ஸ்குரூவை மட்டும் திருப்பினால், டர்போ சுற்றத் தொடங்கும் முன்பே டீசல் கொட்டும், பழையபடி கரும்புகை வரும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முந்திய புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

[காட்சி: கையில் கழற்றிய டர்போ. விரலால் சக்கரத்தைச் சுற்றிக் காட்டுதல்.]

விரலால் தட்டினாலே சுற்றுகிறது, பாருங்கள். ஓட்டத்தில் இது நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் போகும். தண்டைத் தாங்குவது ஒயில் படலம் மட்டும்தான். ஒயில் வரும் குழாய் மெல்லியது, அதை ஒயில் பிரஷர் சுவிட்ச் இருக்கிற இடத்தில் T வடிவ இணைப்பு போட்டு எடுக்கலாம். திரும்பிப் போகிற குழாய் தடிமனாக, எங்கும் மேலே வளையாமல், நேராக எஞ்சினின் அடியில் இருக்கிற ஒயில் தொட்டிக்கு (சம்ப்) இறங்க வேண்டும். அது சரியில்லாவிட்டால் ஒயில் தேங்கி சீல் வழியாகக் கசியும், சைலன்ஸரில் நீலப்புகை வரும். டர்போ போய்விட்டது என்று பலர் அப்போது நினைக்கிறார்கள். பல தடவை போனது குழாய்.

ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று. டர்போ ஏற்றத்துக்குத்தான் உதவும், இறக்கத்துக்கு உதவாது. பிரேக் பழைய பிரேக்தான். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த வேனுக்குப் பொருந்தாது, ஏனென்றால் இப்போது நீங்கள் மூன்றில் ஏறுகிறீர்கள். இறக்கத்தில் இரண்டுக்கே போங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன்காரர்களை இதற்காகக் கெஞ்சிக் கேட்கிறேன்.

முழு எஞ்சினையே டர்போ எஞ்சினாக மாற்றினால், புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.

[காட்சி: ஏற்றத்தின் உச்சி. தேத்தண்ணீர்க் கடை முன்னால் வேன் நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள், எஞ்சின் ஓடுகிறது.]

மேலே வந்தாயிற்று. சாவியில் கை வைக்காதீர்கள். உள்ளே டர்போ இன்னும் கொதிக்கிறது. இப்போது நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்று, அங்கேயே கருகி ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் இறங்கட்டும், பின் கதவைத் திறந்து பைகளை எடுக்கட்டும். இரண்டு நிமிடம் போதும்.

[எஞ்சின் சத்தம் நிற்கிறது.]