தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்

(சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. மழை தூறியும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். தலைப்பைச் சொன்னதும் செயலாளர் சிரித்தார். "டிவி பஞ்சாயத்தைப் பத்திப் பேச என்னங்க இருக்கு, பார்த்தாலே தெரியுமே" என்றார். பார்த்தால் தெரியாது. நான் ஒரு சேனலில், குடும்பச் சண்டையை மேடையில் வைத்து விசாரிக்கும் அந்த மாதிரி நிகழ்ச்சிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன். விசிட்டிங் கார்டில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருக்கும்.

முதலில் பிறந்த கதை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்றொரு ஊர், நம் சேலத்தைவிடச் சின்னது. 1967 நவம்பரில் ஃபில் டோனஹ்யூ அங்கே ஒரு பேச்சு நிகழ்ச்சி தொடங்கினார். பாட்டு கிடையாது, கூத்து கிடையாது. ஒரு விருந்தினர், ஒரு விஷயம். முதல் நாள் வந்தவர் மேடலின் மர்ரே ஓஹேர். பள்ளிக்கூடத்தில் பைபிள் வாசிப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த நாத்திகர். 1944இல் திராவிடர் கழகத்துக்குப் பெயர் வைத்த ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது பெரிசாகத் தெரியாது. அங்கே பெரிய சலசலப்பு.

விளம்பர இடைவேளையில் பார்வையாளர்கள் கேட்ட கேள்விகள் தன் கேள்விகளைவிட நன்றாக இருப்பதை டோனஹ்யூ கவனித்தார். மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவே ஓடினார். அதுவரை கை தட்ட மட்டும் வந்த கூட்டம் அன்றைக்குப் பேச ஆரம்பித்தது. பகலில் வீட்டில் இருந்த பெண்கள் அரசியலையும் உடம்பையும் பற்றி நேருக்கு நேர் கேட்டார்கள். நல்ல காரியம் என்றே இன்றும் சொல்வேன்.

அப்புறம் போட்டி வந்தது. 1988இல் ஹெரால்டோ ரிவேரா தன் மேடையில் இனவெறி இளைஞர்களையும் அவர்களை எதிர்ப்பவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். கைகலப்பில் நாற்காலி பறந்து அவர் மூக்கே உடைந்தது. ஜெர்ரி ஸ்ப்ரிங்கர் சின்சினாட்டியின் முன்னாள் மேயர். 1991இல் அரசியல் பேசத்தான் தொடங்கினார், யாரும் பார்க்கவில்லை. கள்ளக்காதலையும் அடிதடியையும் கொண்டு வந்தார், நாடே பார்த்தது. இந்த வகைக்கு அவர்கள் வைத்த பேர் 'டேப்லாய்ட் டாக் ஷோ'. டேப்லாய்ட் என்பது 1884இல் ஒரு மருந்து கம்பெனி தன் மாத்திரைக்குப் பதிவு செய்த பேர். செய்தியைச் சுருக்கிப் போடும் சின்னப் பத்திரிகைக்கு அது ஒட்டிக்கொண்டது, அங்கிருந்து டிவிக்குத் தாவியது.

சரி, எதை வைத்து ஒரு நிகழ்ச்சியை இந்த வகை என்று சொல்வது? சத்தம் என்பார்கள். சத்தம் பட்டிமன்றத்திலும் உண்டு. அழுகை என்பார்கள். அது சீரியலில் இதைவிட அதிகம். என் கணக்கு வேறு. மேடையில் ஒருவருக்கு மட்டும் தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். அப்படி இருந்தால் அது இந்த வகை.

1995 மார்ச்சில் ஜென்னி ஜோன்ஸ் நிகழ்ச்சிக்கு ஓர் இளைஞரை அழைத்தார்கள். உங்களை ரகசியமாக ஒருவர் விரும்புகிறார், யாரென்று மேடையில் சொல்வோம் என்றார்கள். வந்து பார்த்தால் அது அவருக்குத் தெரிந்த ஓர் ஆண். கேமரா முன்னால் சிரித்து மழுப்பினார். மூன்று நாள் கழித்து அந்த மனிதரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை.

தமிழில் 2011இல் 'சொல்வதெல்லாம் உண்மை' என்ற டிவி பஞ்சாயத்து வந்தது. நம்மவர்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை, மரத்தடிப் பஞ்சாயத்து பழகினதுதானே என்று உட்கார்ந்துவிட்டார்கள். மரத்தடியை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அங்கே பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்டவனுக்கும் என்ன நியாயம் கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தீர்ப்புச் சொன்னவன் மறுநாள் அதே குழாயடியில் உங்கள் முகத்தில் விழித்தாக வேண்டும். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவர் மேக்கப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். குடும்ப நல நீதிமன்றத்தில், இரண்டு தரப்பில் ஒருவர் கேட்டாலே போதும், கதவைச் சாத்திவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும். 1984ஆம் வருடச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அது.

நம் பக்கத்திலிருந்து ஓர் அக்காவை நானே சென்னைக்குக் கூட்டிப் போனேன். ஊர் பேர் வேண்டாம், தறிச் சத்தம் கேட்கிற ஊர். "உங்க வீட்டுக்காரரும் வர்றாரு, சமாதானம் பேசி அனுப்பிடுவாங்க" என்று சொல்லியிருந்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் இரண்டு அறை. டீ கொண்டுபோகும் பையன்கூட வேறு வேறு ஆள், வாய் தவறிவிடக் கூடாது என்று. அடுத்த அறையில் கணவரோடு இன்னொரு பெண்ணும், நாலு வயசுப் பையனும். அது எனக்குத் தெரியும். அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த மேடம் எந்தக் கோர்ட்டு ஜட்ஜுங்க, தம்பி?"

கதவு திறந்து பையன் உள்ளே வரும்போது அவர் முகத்தைப் பிடிக்கவென்றே ஒரு கேமரா வைத்திருந்தார்கள். அவர் அழவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையனுக்கு உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். எடிட்டிங்கில் அதை வெட்டிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. விடியற்காலை சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பையை எடுத்துக் கொடுக்கும்போதுதான் கேட்டார், "இதை எத்தனை மணிக்குங்க போடுவாங்க? எங்க தெருக்காரங்க தறியில இருக்கிற நேரமா?"

ராத்திரி ஒன்பது மணிக்கு என்றேன். அந்த நேரத்துக்குத் தறியெல்லாம் நின்றிருக்கும்.