பந்தலுக்குக் கீழே ஒரு பகல்

வணக்கம் நேயர்களே. பிரான்சிலும் இத்தாலியிலும் புருஷன் பெண்சாதியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிப் போய், மதியம் நிதானமாக விருந்து சாப்பிட்டு வருவார்கள். அதற்கென்றே சுற்றுலா இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் எதற்கு? திராட்சை விளையும் தேனி மாவட்டத்துக் கம்பம் இருக்கிறதே!

போன தை மாதம் கம்பத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தோம். சும்மா நின்ற இரண்டு சைக்கிளுக்குக் காற்றடித்து, விடிந்ததும் நானும் என் மனைவியும் சுருளிப்பட்டி ரோட்டில் கிளம்பிவிட்டோம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் போனால் அந்தத் தோட்டங்கள் ஒரே பச்சைக் கூரையாகத்தான் தெரியும். சைக்கிளில் போகும்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. ஒரு தோட்டத்தில் கவாத்து வெட்டி, அதாவது கிளைகளைக் கழித்துவிட்டு, மொட்டையாக நிற்கும் கொடி. பக்கத்தில் பூ. அதற்கடுத்ததில் கருத்துத் தொங்கும் குலை. கவாத்து வெட்டி ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் அறுக்கலாம். ஆளுக்கொரு நேரத்தில் வெட்டுவதால்தான் வருஷம் முழுக்க நமக்குப் பன்னீர் திராட்சை கிடைக்கிறது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

ஒரு தோட்டக்காரர், "உள்ளே வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டார். கல்தூண்களுக்கு நடுவே தலை குனிந்து நுழைந்தோம். பழத்தின் மேல் விபூதி பூசியது போல மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. என் மனைவி விரல் வைத்த இடம் மட்டும் கருநீலமாகப் பளிச்சென்றது. கைபட்டு, கூடையில் உரசி மதுரைக்கு வரும் பழத்தில் இதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தொட்டித் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். விதை உண்டு, பரவாயில்லை. தோலைக் கடிக்கும்போதுதான் அந்தப் பன்னீர் வாசமே வருகிறது.

அப்புறம் விருந்து. திண்ணையில் இலை போட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு. வழக்கம்போல என் மனைவி கரண்டியை எடுக்கப் போனாள். மைத்துனர் மனைவி விடவில்லை. "உக்காருங்க மதினி, இன்னைக்கு நான்தான் பரிமாறுவேன்."

எங்கள் வீட்டில் அவள் கடைசியாகத்தான் சாப்பிடுவாள். நானும் அதை ஒருநாளும் கேட்டதில்லை, அது என் தப்பு. அன்றைக்கு என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டாள். ரசத்தை இரண்டு தரம் உள்ளங்கையில் வாங்கிக் குடித்தாள். அவள் நகக்கண்ணில் திராட்சைக் கறை அப்படியே இருந்தது.