யாருடைய படகு?

அவையோருக்கு வணக்கம்.

பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "அது கோடீசுவரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்கிற சண்டை. வேடிக்கை பார்க்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கோடீசுவரச் சண்டையைப் பார்க்க ஒரு தேசமே விடிய விடிய விழித்திருந்த நாட்களும் உண்டு. அந்தக் கூட்டம் ஏன் வந்தது, ஏன் போனது, இன்னோர் இடத்தில் ஏன் கூடியது? இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

1851 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி ஒரு பந்தயம். அமெரிக்காவிலிருந்து வந்த 'அமெரிக்கா' என்ற படகு, ஆங்கிலேயப் படகுகளை அவர்கள் கடலிலேயே தோற்கடித்து ஒரு வெள்ளிக் குடுவையைத் தட்டிக்கொண்டு போனது. அந்தக் குடுவைக்கு அடிப்பாகம் கிடையாது. தண்ணீர் ஊற்றினால் கீழே ஓடிவிடும். அதுதான் அமெரிக்காஸ் கோப்பை. நியூயார்க் யாட் கிளப் அதை 132 ஆண்டுகள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. யார் சவால் விட்டாலும் தோற்றுத் திரும்புவார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? அப்படியும் பார்த்தார்கள். தாமஸ் லிப்டன்தான் அதற்கு முக்கியமான காரணம்.

ஆமாம், தேயிலை லிப்டனேதான். கிளாஸ்கோவின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மளிகைக் கடை வைத்து மேலே வந்தவர். 1899 முதல் 1930 வரை ஐந்து முறை சவால் விட்டார். ஐந்து முறையும் 'ஷாம்ராக்' என்ற பெயரில்தான் படகு. ஐந்து முறையும் தோல்வி. தோற்கத் தோற்க அமெரிக்கர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஐந்தாவது தோல்விக்குப் பிறகு, நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் ஆளுக்கொரு டாலர் அனுப்புங்கள் என்று கேட்க, பொதுமக்கள் பணத்தில் அவருக்கு ஒரு தங்கக் கோப்பையே கொடுத்தார்கள். அதனால் அவர் தேயிலையும் நன்றாக விற்றது என்பது வேறு கதை. அவர் வியாபாரி, அந்தக் கணக்கும் மனதில் இருந்திருக்கும். ஆனால் படகைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் அந்த மனிதரைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இனி 1983க்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமெரிக்காவின் நியூபோர்ட்டில் போட்டி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'ஆஸ்திரேலியா 2' படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தும்போதெல்லாம் அதன் அடியைத் துணி கட்டி மறைத்துவிடுவார்கள். பாய்மரப் படகின் வயிற்றுக்குக் கீழே, அது கவிழாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் இருக்க மீன் துடுப்பு போல ஒரு கனமான தகடு இருக்கும். கீல் என்பார்கள். இந்தப் படகின் கீலில் என்னவோ விசேஷம் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எட்டிப் பார்க்க நீருக்கடியில் கேமராவோடு போன ஆள் பிடிபட்டார். நியூயார்க் கிளப் அந்தக் கீல் விதிப்படி செல்லாது என்று வாதாடிப் பார்த்தது. படகுப் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட, "அந்தத் துணிக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். (இரண்டு சிறகுகள் இருந்தன. பென் லெக்சன் வடிவமைத்தது.)

ஏழு பந்தயங்களில் நான்கை வெல்ல வேண்டும். ஆஸ்திரேலியா 3க்கு 1 என்று பின்தங்கி, அடுத்த இரண்டையும் வென்று 3க்கு 3 ஆக்கியது. செப்டம்பர் 26, கடைசிப் பந்தயம். அமெரிக்காவின் டெனிஸ் கானர் முன்னால் போகிறார். காற்று பின்னாலிருந்து வீசும் ஐந்தாவது கட்டத்தில் ஆஸ்திரேலியர்கள் முந்திவிடுகிறார்கள். கடைசிக் கட்டம் காற்றை எதிர்த்துப் போக வேண்டியது. கானர் படகை இந்தப் பக்கம் திருப்புகிறார், அந்தப் பக்கம் திருப்புகிறார், 40 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஆஸ்திரேலியர்கள் அவரைப் போலவே திருப்பி வழியை அடைக்கிறார்கள். 41 விநாடி வித்தியாசத்தில் முடிந்தது. 132 வருடக் கதையும் அதோடு முடிந்தது. ஆஸ்திரேலியாவில் அப்போது விடியற்காலை. பிரதமர் பாப் ஹாக் தொலைக்காட்சி முன்னால் நின்று, இன்றைக்கு வேலைக்கு வராதவனை வேலையை விட்டு நீக்குகிற முதலாளி உதவாக்கரை என்ற அர்த்தத்தில் சொன்னார். ஒரு நாட்டின் பிரதமர்! அந்தப் படகுக்குச் செலவழித்த ஆலன் பாண்ட் பின்னாளில் மோசடி வழக்கில் சிறைக்குப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அதைப் பற்றி யாருக்குக் கவலை?

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படகுகள் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொடுவதே கஷ்டம். நல்ல சைக்கிள்காரர் முந்திவிடுவார். ஒரு பந்தயம் முடிய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அப்படியும் ஜனங்கள் பார்த்தார்கள்.

1987இல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் கானர் கோப்பையை மீட்டார். படகுக்குள்ளேயே கேமரா வைத்து, தெறிக்கும் தண்ணீரோடு காட்டினார்கள். அமெரிக்கர்கள் நடுராத்திரியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வருடமே ஒரு பக்கம் ராட்சசப் படகு, மறுபக்கம் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் என்று பொருந்தாத ஜோடி போட்டியிட, வழக்கு நியூயார்க் நீதிமன்றத்தில் இழுபட்டது. வக்கீல்கள் ஆடும் ஆட்டத்துக்குக் கூட்டம் வருமா?

1995. நியூசிலாந்தின் கறுப்புப் படகு சான் டியாகோவில் 5க்கு 0 என்று ஜெயித்தது. அணித் தலைவர் பீட்டர் பிளேக்குக்கு ஒரு ஜோடி சிவப்புச் சாக்ஸ் ராசி. அதைக் கேள்விப்பட்டு நாடே சிவப்புச் சாக்ஸ் வாங்கியது. சாக்ஸ் விற்ற பணம் அணிக்கே போனது. கடலோரப் பங்களாவில் படகு கட்டி வைத்திருப்பவர்கள் மட்டுமா வாங்கியிருப்பார்கள்? பால் பண்ணைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் வாங்கினார்கள். எனக்கு இந்தச் சாக்ஸ் விஷயம் ரொம்பப் பிடிக்கும். ஒரு கோடீசுவர விளையாட்டில் சாமானியன் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு ஒரு ஜோடி சாக்ஸ்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2000இல் கோப்பையைக் காப்பாற்றிய கையோடு, நியூசிலாந்து அணியின் தலைவர் ரசல் கூட்ஸும் சகாக்கள் சிலரும் சுவிட்சர்லாந்து அணிக்குப் போனார்கள். கடற்கரையே இல்லாத நாடு! 2003இல் ஆக்லாந்துக்கே வந்து, தாய்நாட்டை 5க்கு 0 என்று தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டு போனார்கள். நியூசிலாந்தில் கோபப் பிரசாரமே நடந்தது. தொழில்முறை விளையாட்டில் ஆள் மாறுவது சகஜம்தானே என்பீர்கள். சரி. கால்பந்தில் கிளப்புக்கு ஆள் மாறலாம். அந்தக் கிளப் அதே தெருவில்தான் இருக்கும். இங்கே ஜெயித்தவர் சொல்லுகிற இடத்துக்குப் பந்தயமே பெட்டி படுக்கையோடு போய்விடும். அடுத்த போட்டி எந்த ஊரில், எந்த வருடம், எந்த மாதிரிப் படகில் என்பதெல்லாம் ஜெயித்தவர் கையில். ரசிகன் எதைப் பிடித்துக்கொள்வான்?

நடத்துகிறவர்கள் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள்: வேகம். ஜனங்கள் வராததற்குக் காரணம் ஆட்டம் மெதுவாக இருப்பதுதான் என்று முடிவு கட்டினார்கள். 2013இல் சான் பிரான்சிஸ்கோவில், துணிக்குப் பதில் விமான இறக்கை போன்ற பாய், நீருக்கடியில் சின்னச் சிறகுகள், தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் கட்டமரான்கள். பயிற்சியின்போதே ஒரு படகு கவிழ்ந்து, பிரிட்டனின் ஒலிம்பிக் சாம்பியன் ஆண்ட்ரூ சிம்ப்சன் இறந்துபோனார். அந்த விலையையும் கொடுத்துத்தான் இந்த வேகம் வந்தது.

அந்தப் போட்டி வரலாற்றிலேயே பரபரப்பானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது புள்ளி எடுத்தால் கோப்பை. நியூசிலாந்து 8, அமெரிக்காவின் ஆரக்கிள் அணி 1. இன்னும் ஒன்றே ஒன்று போதும். பதின்மூன்றாவது பந்தயத்தில் நியூசிலாந்து வெகுதூரம் முன்னால் போகிறது. ஆனால் அன்றைக்குக் காற்று இல்லை. பந்தயம் 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று விதி. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கடிகாரம் முந்திக்கொண்டது, பந்தயம் செல்லாது. ஆக்லாந்தில் அப்போது காலை நேரம். வேலையைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு ஆரக்கிள் ஒன்றுகூட விடாமல் ஜெயித்து 9க்கு 8 என்று முடித்தது. மூன்று, நான்கு மணி நேரம் ஓடிய பழைய பந்தயமாக இருந்தால் நியூசிலாந்து அன்றைக்கே கோப்பையோடு கிளம்பியிருக்கும்.

அமெரிக்காவில் இது பெரிய கொண்டாட்டமாகியிருக்க வேண்டும். ஆனால் அந்த 'அமெரிக்க' படகில் இருந்த அமெரிக்கர் ஒருவரோ இருவரோதான். தலைமை தாங்கியவர் ஆஸ்திரேலியர்; அணியின் தலைமை நிர்வாகி, அதே நியூசிலாந்துக்காரர் ரசல் கூட்ஸ். அழுதது மட்டும் நியூசிலாந்து.

இன்னொரு வைத்தியமும் செய்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பாய்மரப் படகு காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. வளைந்து வளைந்துதான் போகும். ஒன்று இடப்பக்கம் போகும், மற்றொன்று வலப்பக்கம் போகும். யார் முந்துகிறார்கள் என்று வெறுங்கண்ணால் பார்த்தால் தெரியாது. 1992இலேயே நியூசிலாந்தின் டனீடன் நகரத்து ஆட்கள் இதைக் கணினிப் படமாக வரைந்து காட்டினார்கள். 2013இல், ஹெலிகாப்டர் படத்தின் மேலேயே கோடு போட்டு, எத்தனை மீட்டர் வித்தியாசம் என்று காட்டினார்கள். அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் மைதானத்தின் மேல் மஞ்சள் கோடு வருமே, அதைக் கொண்டுவந்த ஸ்டான் ஹனிதான் இதையும் செய்தவர். நான் பந்தயத்தைப் புரிந்து பார்த்தது அந்தக் கோடுகளால்தான். ஆனால் புரிவது வேறு, பதைப்பது வேறு.

2024 பார்சிலோனா போட்டிக்கு வந்தால், படகு மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கிறது. ஒரு பந்தயம் அரை மணிக்குள் முடிகிறது. எட்டுப் பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் நான்கு பேர் சைக்கிள் மிதிக்கிறார்கள், பாயை இயக்கும் விசைக்காக. ஒரு முகம் தெரியாது. கயிறு இழுக்கிற கை தெரியாது. என் பேத்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ளே ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டாள். அந்தப் போட்டியில் நியூசிலாந்து 7க்கு 2 என்று பிரிட்டனை வென்றது. ஆனால் போட்டி சொந்த ஊரில் நடக்கவில்லை. 2017இல் கோப்பையை மீட்டு வைத்திருந்த நியூசிலாந்து அணியினரே, தங்கள் அரசு கொடுக்க முன்வந்த பணம் போதாது என்று அதைப் பார்சிலோனாவுக்குக் கொண்டு போயிருந்தார்கள். வரிப் பணத்தை அந்த அணிக்கு முன்பே கொடுத்திருந்த ஜனங்களுக்கு இது எப்படி இருக்கும்?

இப்போது வேறு ஒரு கடலுக்குப் போவோம். பிரான்சின் லே சாப்ல் டோலோன் துறைமுகம். 1989இல் தொடங்கிய வாந்தே குளோப் பந்தயம். ஒரு படகில் ஒரே ஆள். எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை. முதல் பந்தயத்தில் 13 பேர் கிளம்பி ஏழு பேர்தான் முடித்தார்கள். ஜெயித்தவருக்கே 109 நாள் ஆனது. தொலைக்காட்சிக்கு இதைவிடப் பொருந்தாத ஆட்டம் இருக்க முடியாது. நடுக்கடலில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் படகுகள் கிளம்பும் கால்வாயின் இரு கரையிலும் இருட்டு விலகும் முன்பே லட்சக்கணக்கானோர் நிற்கிறார்கள். 2020இல் தொற்றுக் காலம் என்பதால் கரையில் யாரையும் விடவில்லை. அப்போதும் இணைய விளையாட்டில் தங்கள் சொந்தப் படகை அதே கடலில், அதே காற்றில் ஓட்டியவர்கள் பத்து லட்சத்துக்கு மேல்.

அந்தப் பந்தயத்தில் நவம்பர் 30 அன்று, நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் பிஆர்பி படகு அலையில் இரண்டாக மடிந்தது. அவர் மிதவையில் குதித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் 61 வயது ழான் லே காம். தேடிப் போய்க் கண்டுபிடித்தார். படகைத் திருப்பி வருவதற்குள் அலையில் தொலைத்துவிட்டார். ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து, இருட்டில் ஒரு மினுக்கு வெளிச்சத்தைப் பார்த்து அவரை இழுத்து ஏற்றினார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2009இல் ஹார்ன் முனைக்கருகே இதே லே காம் கவிழ்ந்து கிடந்தபோது அவரைக் காப்பாற்றிய படகின் பெயரும் பிஆர்பிதான்.

தேடப் போனவர்களுக்கு நேர ஈடு கொடுத்தார்கள். அதனால் முதலில் கரை தொட்ட சார்லி டாலன் ஜெயிக்கவில்லை. தேடலில் சேர்ந்ததற்கு 10 மணி 15 நிமிடம் கழிக்கப்பட்ட யானிக் பெஸ்தவென் ஜெயித்தார். முடிவு ராத்திரியில், கணக்குப் போட்டுத்தான் தெரிந்தது. ஒளிபரப்பு நிபுணர்கள் தலையில் கை வைத்துக்கொள்ளும் முடிவு. எண்பது நாள் அந்த மாலுமிகள் அனுப்பிய குலுங்கும் வீடியோக்களில் அழுததையும் திட்டியதையும் பார்த்திருந்தவர்கள் மட்டும் தூங்காமல் காத்திருந்தார்கள்.

கூட்ஸும் ஆரக்கிள் முதலாளி லாரி எலிசனும் சேர்ந்து ஆரம்பித்த செயில்ஜிபி என்ற பந்தயத் தொடர் இப்போது நடக்கிறது. ஒரே மாதிரிப் படகுகள், தேசக் கொடிகள், வருடத்துக்கு வருடம் வருகிற அட்டவணை. ரசிகனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொடி வேண்டும் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்ற அளவில் நல்லது. அந்தக் கொடி நெஞ்சில் ஒட்டுமா என்பதற்கு இன்னும் சில வருடம் பொறுக்க வேண்டும்.

அடுத்த அமெரிக்காஸ் கோப்பை 2027இல் நேப்பிள்ஸில். 2017, 2021, 2024 மூன்று முறையும் நியூசிலாந்துக்குச் சுக்கான் பிடித்த பீட்டர் பர்லிங், இந்த முறை இத்தாலியின் லூனா ரோசா அணியில் சேர்ந்துவிட்டார். லூனா ரோசா என்றால் சிவப்பு நிலா. ஆக்லாந்தில் அன்றைக்கு யாராவது பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பழைய சிவப்புச் சாக்ஸைத் தேடி எடுத்து மாட்டினால், அவர் யாருக்காக மாட்டியிருக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.