வேலியைப் பிடுங்கிய காவற்காரன்

நடுவர் அவர்களே, கும்பகோணத்துப் பெருமக்களே, வணக்கம்.

அந்நியப் படை ஒரு நாட்டில் வந்து அமர்ந்தால் அண்டை நாட்டுப் பகை அடங்குமா, வளருமா என்பது வழக்கு. அடங்கும் என்று வாதிட்ட எதிரணித் தலைவர், "வயலுக்குக் காவற்காரன் வந்துவிட்டால் பக்கத்து ஊர் மாடு வரப்பில் கால் வைக்குமா?" என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் காவற்காரனின் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

2003 ஏப்ரலில் இராக்கின் தலைநகர் பாக்தாத் அமெரிக்கப் படையிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே, இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர், இராக்கிய இராணுவத்தைக் கலைத்து ஆணையிட்டார். இராக்கை ஆண்ட சதாம் உசேன் தொடங்கிய போரில், 1980 முதல் 1988 வரை ஈரானோடு பொருதி நின்ற படை அது. எதிரணித் தலைவரே, உங்கள் காவற்காரன் வந்ததும் செய்த வேலை வேலியைப் பிடுங்கியதுதான்! கிழக்கே ஆப்கானிஸ்தானிலும் மேற்கே இராக்கிலும் அமெரிக்கப் படை நிற்கக் கண்ட ஈரான், அடுத்தது தானோ என்று அஞ்சியது. அஞ்சிய நாடு கையைக் கட்டிக்கொண்டிருக்குமா? பிடுங்கிய வேலியின் வழியே அதன் ஆயுதமும் செல்வாக்கும் உள்ளே புகுந்தன.

இன்னும் கேளுங்கள். 2003 நவம்பரில் அமெரிக்க அதிபர் புஷ் பாக்தாத் வந்தார். எப்படி வந்தார்? ஊருக்குச் சொல்லாமல் வந்தார். விமானம் விளக்கணைத்து இருட்டில் இறங்கியது. விமான நிலைய வளாகத்தைத் தாண்டாமல் சில மணி நேரத்தில் திரும்பினார். 2008 மார்ச்சில் ஈரான் அதிபர் அகமதிநெஜாத் அதே பாக்தாத்துக்கு வந்தார். அவர் எப்படி வந்தார்? முன்கூட்டியே அறிவித்து, பட்டப்பகலில், சாலை வழியே காரில் சென்றார். இராக் அதிபர் தலபானி அவரைத் தழுவி வரவேற்றார். ஒன்றேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை நிறுத்தியவர் இருட்டில் வர, யாரை அடக்கப்போவதாகச் சொன்னார்களோ அவர் பகலில் வந்தார். இதையா அடக்கம் என்கிறீர்கள்?

அரண்மனையில் தழுவிக்கொண்டார்கள், தெருவில் பகை முளைத்தது. கடைமடைக்காரர்களாகிய நமக்கு ஆற்று முகத்துவாரத்தின் அருமை தெரியும். டைக்ரிஸும் யூப்ரடீஸும் ஒன்றாகி, ஷத் அல் அரப் என்ற பெயரோடு கடலை நோக்கிப் போகும் தெற்கு இராக்கின் பாஸ்ரா மண்ணில், ஈரானோடு நடந்த அந்த எட்டாண்டுப் போர் பேரீச்சந்தோப்புகளை அழித்தது. அந்நியப் படை நுழைந்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள், 2019இல் "எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்" என்று முழங்கித் தெருவில் இறங்கினார்கள். ஈரானின் தலையீட்டையும் எதிர்த்து அவர்கள் மூட்டிய தீயில், இராக்கின் நஜஃப் நகரில் ஈரானியத் துணைத் தூதரகம் எரிந்தது. அந்த மாதங்களில் சுடப்பட்டு மாண்டவர்கள் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலோர் இளைஞர்கள். அன்னையர் அவர்களைப் பெற்றது இதற்காகவா, ஐயா?

நடுவர் அவர்களே, அந்தத் தாய்மார்களில் ஒருத்தி இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணி, அவள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.